‘ஸ்காட்லாந்து ஃபார் எவர்’ ஓவியம்: தனியாக வரைந்தால் இந்தக் குதிரைகள் ஏன் ஓடுவதில்லை?

#1 கரித்துண்டு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே படத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். எலிசபெத் தாம்சன் என்ற லேடி பட்லர் 1881-இல் வரைந்த ‘ஸ்காட்லாந்து ஃபார் எவர்’. நெப்போலியனின் பிரெஞ்சுப் படைக்கு எதிரான வாட்டர்லூ போரில், 1815 ஜூன் 18 அன்று, ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட் பாய்ந்து போன காட்சி. மூலப்படம் இங்கிலாந்தில் லீட்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது. நான் வைத்திருப்பது நல்ல தரத்தில் எடுத்த அச்சுப்பிரதி.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த அகலம் முழுக்கச் சாம்பல் குதிரைகள், நேரே நம்மை நோக்கி வருகின்றன. மேலே கரடித்தோல் தொப்பி, சிவப்புச் சட்டை, உயர்த்திய வாள்கள், வாய் பிளந்து கத்துகிற முகங்கள். பின்னால் புகை. முன்னால் கொஞ்சம் வெறும் தரை.

கரியில் ஒவ்வொரு குதிரையாகப் பிரித்து வரைந்து பார்த்தேன். நான் படம் பழகுவது அப்படித்தான். தனியாக வரைந்தால் எந்தக் குதிரையும் ஓடவில்லை. ஒன்று முன்னங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று எதையோ தாண்டப் போகிற மாதிரி இருக்கிறது, மூன்றாவது கிட்டத்தட்ட விழுகிறது. மொத்தமாகப் பார்த்தால் மட்டும் காதில் குளம்புச் சத்தம் கேட்கிறது. இது எப்படி? நான் வரைந்ததில் தப்பா, அல்லது படமே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறதா? குதிரை தெரிந்தவர்கள், படம் தெரிந்தவர்கள், போர் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

#2 லாயம்

தம்பி, நான் படம் தெரிந்தவன் இல்லை. பதினெட்டு வருஷம் குதிரைகளோடு வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

குதிரைக்கு ஓட்டம் என்பது ஒரே ஒரு வகை கிடையாது. நடக்கும்போது நான்கு கால்களும் ஒவ்வொன்றாக விழும். அடுத்தது ட்ராட். இதில் குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும், மேலே இருப்பவனைக் குலுக்கி எடுத்துவிடும். அப்புறம் காண்டர், மூன்று தட்டு. கடைசியில் கேலப், திரும்பவும் நான்கு தட்டு. நாம் நாலுகால் பாய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே குதிரை எந்த நடையில் போகிறது என்று சொல்லிவிடலாம். பழைய தமிழிலும் குதிரை ஓட்டத்தை ஐங்கதி என்று பிரித்து, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். மயில் மாதிரி, குரங்கு மாதிரி. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தப் பெயர்கள் தோன்றும்.

கேலப்பில் ஒரு கணம் நான்கு குளம்பும் தரையை விட்டுவிடும். அந்தக் கணத்தில் கால்கள் நீட்டிக்கொண்டிருக்காது, வயிற்றுக்கு அடியில் சுருட்டி மடங்கியிருக்கும். அதை மட்டும் பிடித்து வரைந்தால் குதிரை பந்து மாதிரி சுருண்டு காற்றில் தொங்கும், ஓடுகிற மாதிரி தெரியாது. நீங்கள் தனித்தனியாக வரைந்தபோது வந்த சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கணத்தில் நிற்கிற குதிரை நம் கண்ணுக்கு ஓடும் குதிரையாகத் தெரியாது.

#3 மஞ்சள்வெயில்

லாயம் ஐயா சொன்ன அந்தச் சுருண்ட கணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1878-இல் கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற இடத்தில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தார். அதற்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள் பாயும் குதிரையை முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி நீட்டித்தான் வரைந்தார்கள். ஜெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் டெர்பி ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், எல்லாக் குதிரையும் அப்படித்தான் பறக்கும். மைபிரிட்ஜின் படங்கள் வந்தபின், ‘எந்தக் குதிரையும் இப்படி ஓடியதே இல்லை’ என்று ஆகிப்போனது.

அப்போது அதிகம் கலங்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் மெய்சொனியே. குதிரையைப் படிப்பதற்கென்றே தன் வீட்டு நிலத்தில் சிறு தண்டவாளம் போட்டு, ஓடும் குதிரைக்குப் பக்கத்திலேயே வண்டியில் போய்க்கொண்டு கோட்டுப்படம் எடுத்த மனிதர் அவர். அவ்வளவு உழைத்தவரிடம் ஒரு புகைப்படம் வந்து வேறொன்றைக் காட்டினால் எப்படி இருக்கும்!

சிற்பி ரோடின் மட்டும் ஜெரிக்கோவின் பக்கம் நின்றார். நிஜத்தில் காலம் நிற்பதில்லை, புகைப்படம்தான் அதை நிறுத்திப் பொய் சொல்கிறது, ஓவியர் அடுத்தடுத்த கணங்களை ஒரே உடலில் சேர்த்துக் காட்டுகிறார், அதனால்தான் குதிரை ஓடுகிறது என்பது அவருடைய வாதம்.

இப்போது பட்லரின் படத்துக்கு வாருங்கள். ரோடின் ஒரு குதிரைக்குச் சொன்னதைப் பட்லர் ஒரு வரிசைக்கே செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு குதிரையும் ஒரே பாய்ச்சலின் வெவ்வேறு கணம். ஒன்றுக்குக் கால் மடங்கியிருக்கிறது, பக்கத்தில் உள்ளதற்கு நீண்டுகொண்டிருக்கிறது, அதற்கடுத்தது தரையைத் தொடுகிறது. கண் இடமிருந்து வலமாக நகரும்போது அந்தக் கணங்களைத் தானே கோத்துக்கொள்கிறது. கரித்துண்டு, நீங்கள் மாலையைப் பிரித்துப் பூப்பூவாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கையில் தப்பே இல்லை.

#4 கரித்துண்டு

மஞ்சள்வெயில் அக்கா, இதைப் படித்ததும் படத்தை ஒரு காகிதத்தால் மறைத்து, ஒவ்வொரு குதிரையாகத் திறந்துகொண்டே போனேன். நீங்கள் சொன்னது சரி. மூன்றாவது குதிரையிலேயே வேகம் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நேர் எதிரே வருவதால் பின்னங்கால்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. கால் எப்படி நீளும் என்ற பிரச்சினையே அங்கு எழவில்லை. இதைத் தெரிந்துதான் அந்தக் கோணத்தை எடுத்தாரா?

#5 வரைபடம்

இவ்வளவு நேரம் எல்லோரும் கால்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். போரைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த ஓவியத்தை வரலாற்றுப் படம் என்று மாட்டிவைக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்: அந்தக் குதிரைகள் அன்று பாய்ந்தனவா?

பாயவில்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து இரவு வரை பலத்த மழை, தரை சேறு. மேட்டின் மேல் பள்ளமாக ஒரு சாலை, அதன் ஓரம் வேலி. குதிரைகளுக்கு முன்னால் தங்கள் பக்கத்துக் காலாட்படையே, கார்டன் ஹைலேண்டர்ஸ், நின்றுகொண்டிருந்தது. அவர்கள் விலகி வழிவிட, நடுவே புகுந்து போக வேண்டியிருந்தது. அப்புறம் உயரமாக வளர்ந்த பயிர். எதிரிக் காலாட்படையோ மிகப் பக்கத்தில். வேகம் எடுக்க இடமே இல்லை. நடையை விடக் கொஞ்சம் வேகமாகப் போனார்கள், அவ்வளவுதான். போர் முடிந்து 66 வருஷம் கழித்து வரைந்தவர் அவர்களுக்கு நாலுகால் பாய்ச்சலைக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்தத் தாக்குதல் முதலில் வெற்றிதான். பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் காலாட்படை சிதறியது. ஸ்காட்ஸ் கிரேஸின் சார்ஜன்ட் யூவர்ட், பிரெஞ்சு 45-ஆவது ரெஜிமென்ட்டின் கழுகுச் சின்னத்தைப் பிடுங்கினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. எதிரிப் பீரங்கிகள் வரை போய்விட்டார்கள். குதிரைகள் களைத்துப்போய்விட்டன, வரிசை குலைந்துவிட்டது. அந்த நேரத்தில் பிரெஞ்சு ஈட்டிக் குதிரைப்படை வந்து விழுந்தது. ஸ்காட்ஸ் கிரேஸ் சேர்ந்திருந்த பிரிகேடின், அதாவது சில ரெஜிமென்ட்கள் சேர்ந்த படைப்பிரிவின், தளபதி போன்சன்பி செத்தார். ரெஜிமென்ட்டின் தலைவர் ஹாமில்டனும் திரும்பி வரவில்லை. ரெஜிமென்ட்டில் ஏறத்தாழ 200 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள்.

படத்தில் இதில் எது இருக்கிறது? சேறு இல்லை, வேலி இல்லை, ஹைலேண்டர்ஸ் இல்லை, சரிவு இல்லை, சாவு இல்லை. இது எனக்கு மனக்கசப்பைத் தருகிறது. செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அவர்கள் போனது எப்படியோ அப்படியே காட்டுவதுதான்.

#6 லாயம்

வரைபடம் சொன்ன வேகக் கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன். குதிரைக்காரனாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முழுப் பாய்ச்சலில் இப்படி முழங்காலோடு முழங்கால் உரச வரிசை கட்டிப் போவது நடக்காத காரியம். எல்லாக் குதிரைக்கும் ஒரே வேகம் கிடையாது. துணிச்சலானது முன்னே போகும், பயந்தது பக்கத்துக் குதிரையின் மேல் சாயும். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் நெருக்கி, அங்கவடியிலிருந்து கால் வலிக்க வலிக்கத் தூக்கிவிடும். அதனால்தான் குதிரைப்படைகளில் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு முன்புவரை வேகத்தை அடக்கியே வைத்திருப்பார்கள். வேகம் கூடினால் வரிசை போய்விடும், வரிசை போனால் ஆயிரம் கிலோமீட்டர் வேகம் இருந்தும் பயனில்லை.

ஆனால் குதிரையின் முகத்தைப் பட்லர் பொய்யாக வரையவில்லை. விரிந்த மூக்கு, வெள்ளை தெரிகிற கண், கடிவாளத்தை இழுத்ததால் திறந்த வாய். அதை நேரில் பார்க்காமல் வரைய முடியாது. எங்கோ நின்று பார்த்திருக்கிறார்.

#7 மஞ்சள்வெயில்

பார்த்திருக்கிறார் ஐயா. பட்லர் போர்க்களத்தையே பார்த்ததில்லை, ஆனால் பயிற்சியின்போது குதிரைப்படை பாய்ந்து வருகிற வழியிலேயே, எதிரே நின்று பார்த்தார். கணவர் வில்லியம் பட்லர் ராணுவ அதிகாரி என்பதால் அந்த வாய்ப்பு கிடைத்தது. சில நூறு கிலோ எடையுள்ள ஒரு மிருகம் தன்னை நோக்கி வரும்போது என்ன தெரியும் என்பது அவர் கண்ணால் கண்டது.

வரைபடம், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் படத்தை வாட்டர்லூவின் வரைபடமாகப் பார்ப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. நான் எந்தப் போர் ஓவியத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று: படம் என்னை எங்கே நிறுத்துகிறது?

மெய்சொனியேவின் ‘1807, ஃப்ரீட்லாண்ட்’ நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் மார்புக்கவசம் போட்ட குதிரைவீரர்கள் பயிரை மிதித்துக்கொண்டு பாய்கிறார்கள். ஆனால் அவர்கள் நெப்போலியனைப் பார்த்து முழங்கிக்கொண்டு போகிறார்கள். நாம் ஓரமாக, பத்திரமான இடத்தில் நிற்கும் பார்வையாளர்கள். அணிவகுப்பைப் பார்க்கிறோம்.

அதே மெய்சொனியே 1864-இல் வரைந்த ‘1814’ என்ற சின்னப் படம் பாரிஸில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. நெப்போலியன் வெள்ளைக் குதிரையில், பின்னால் தளபதிகள், பனியும் சேறும் கலந்து குழைந்த வழி. யாரும் ஓடவில்லை, குதிரைகள் நடக்கின்றன. அவர்களில் ஒருவரான மார்ஷல் நே கோட்டைத் தோளில் போர்த்தியிருக்கிறார், கைகளை அதற்குள் நுழைக்கவில்லை, கோட்டின் கைப்பகுதி வெறுமையாகத் தொங்குகிறது. ஒரு பேரரசு முடியப் போகிறது என்பதை அந்த மெதுவான நடையே சொல்லிவிடும். அங்கே நாம் வழியோரத்தில் நின்று, அவர்கள் கடந்து போவதைப் பேசாமல் பார்க்கிறோம்.

பட்லரின் படத்தில் நமக்கு ஓரம் கிடையாது. எதிரி எங்கே என்று தேடிப் பாருங்கள். ஒரு பிரெஞ்சுக்காரன்கூடத் தெரியமாட்டான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். அந்த முகங்கள் கத்துவது நம்மைப் பார்த்து. லண்டனில் 1881-இல் எகிப்தியன் ஹாலில் இந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்கள், தங்கள் சொந்த ராணுவத்தின் வாளுக்கு எதிரே நின்றார்கள். வெற்றியைக் கொண்டாடும் படம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட்டால், இந்த விஷயத்தைத் தவறவிடுகிறோம்.

#8 வரைபடம்

இது எனக்குப் புதுக் கோணம். கொஞ்ச நேரம் யோசித்தேன். எதிரே நின்ற காலாட்படைக்காரனின் கண்ணால் பார்த்தால் அந்த வேகம் உண்மையாகவே இருந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். நடந்து வருகிற குதிரைகூட வேலிக்கு மேலிருந்து திடீரென்று தலைக்கு மேல் வந்தால் பாய்ச்சலாகத்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தப் படையில் பாதிக்குமேல் குதிரைகள் திரும்பவில்லை. அந்த நிழலாவது எங்கேயாவது விழ வேண்டாமா?

#9 நீலமை

வரைபடம், அந்த நிழல் அவருடைய வேறொரு படத்தில் விழுந்திருக்கிறது. பட்லர் 1876-இலேயே ‘பாலக்லாவா’ வரைந்துவிட்டார். கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பாலக்லாவாவில் லைட் பிரிகேட் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்து அழிந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அவர் வரைந்தது அந்தப் பாய்ச்சலை அல்ல, திரும்பி வந்தவர்களை. குதிரையை இழந்தவர்கள், காயப்பட்டவர்கள், நடுவில் வாளோடு எதையும் பார்க்காத கண்ணோடு நடந்து வரும் ஒருவன். அதற்கும் முன், 1874-இல் வந்த ‘ரோல் கால்’ படத்தில் பனியில் நின்று பெயர் வாசிக்கப்படும் காலாட்படை வீரர்கள். அதைப் பார்க்க வந்த கூட்டத்தை அடக்க காவலர் நிறுத்த வேண்டியிருந்தது. விக்டோரியா அரசியே அதை வாங்கினார்.

போரின் பெருமையை வரையவில்லை, அதன் துயரத்தையும் வீரத்தையும் வரைந்தேன் என்று பின்னாளில் எழுதியவர் அவர். ‘பின்னால் என்ன நடக்கும்’ என்பதை வரைந்து முடித்த கைதான் இப்போது ‘அதற்கு முந்தின கணத்தை’ வரைகிறது. எனக்கு அந்த வாய் பிளந்த முகங்களில் சிலவற்றில் வீரத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது.

#10 தெருமுனை

இதைப் படிக்கும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பார்த்த பொள்ளிலூர்ப் போர் ஓவியம் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்புவின் படை கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சுற்றி வளைத்து முறித்தது. அதிலும் குதிரைகள் இருபக்கமிருந்தும் வருகின்றன. நடுவில் சிவப்புச் சட்டைக் கும்பினிக்காரர்கள் சதுரமாக நிற்கிறார்கள், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது.

ஆனால் அங்கே குதிரைகள் பக்கவாட்டில்தான் தெரியும், வரிசைக்கு மேல் வரிசையாக, அடுக்கி வைத்த மாதிரி. தூரத்தில் இருப்பது சின்னதாக ஆகாது. மஞ்சள்வெயில் கேட்ட கேள்வியை அங்கே கேட்டால், படம் நம்மை எங்கும் நிறுத்துவதில்லை. மேலிருந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிறோம். பயம் வராது. ஆனால் யார் எங்கே, எந்தப் பக்கமிருந்து வந்தார், எத்தனை பேர் என்பது தெளிவாகத் தெரியும். வரைபடம் கேட்பது அந்த மாதிரி ஓவியத்தைத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு ஓவியர்களும் குதிரைப்படை நகர்வதையே வரைந்தார்கள். ஒருவருக்குப் போர் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு எதிரே நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்த அடுக்கு வரிசையிலும் கால்கள் மாறி மாறித்தான் இருக்கின்றன. சுவரோரம் நடந்துகொண்டே பார்த்தால் நகர்கிற மாதிரிதான் இருந்தது.

#11 வரைபடம்

தெருமுனை, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எனக்கு வேண்டியது அதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்லரின் மேல் இருந்த கசப்பு குறைகிறது. ஆனால் இந்தப் படத்தைக் காட்டி வாட்டர்லூ பாடம் நடத்துகிறவர்கள் அந்தச் சேற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

#12 கரித்துண்டு

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வரைந்துகொண்டிருந்தேன்.

ஆட்களை விட்டுவிட்டு, வாளும் தொப்பியும் இல்லாமல், வெறும் குதிரைகள் ஏழு. நேர் எதிரே வருகிற மாதிரி. முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கால் நிலையைக் கொடுத்துப் பார்த்தேன், மரப்பொம்மை அணிவகுப்பு மாதிரி வந்தது. அப்புறம் கணத்தை மாற்றி மாற்றி வைத்தேன், இடத்தில் நில்லாமல் வர ஆரம்பித்தன. முன்னால் இருந்த வெறும் தரையை அகலமாக்கினேன், பயம் போய்விட்டது. திரும்பவும் குறுக்கினேன், வந்துவிட்டது. அந்த ஒரு பட்டைத் தரைதான் நமக்கும் குளம்புக்கும் நடுவே மிச்சமிருக்கிற நேரம் என்று இப்போது புரிகிறது.

ஒரு சந்தேகம், லாயம் ஐயா. என் குதிரைகள் எதிரே வருகின்றன, ஆனால் வேடிக்கை பார்க்கிற மாதிரி முகம் இருக்கிறது. கண், மூக்கு எல்லாம் நீங்கள் சொன்னபடியே போட்டேன். எது குறைகிறது?

#13 லாயம்

படத்தைப் பார்த்தேன் தம்பி. காதுகள். ஏழு குதிரைக்கும் காதை முன்னால் நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள். எதையோ பார்த்து ஆசையாக வரும் குதிரைக்குத்தான் அப்படி நிற்கும். இப்படி நெருக்கி ஓடும்போது பாதிக் குதிரைகள் காதைப் பின்னால் சாய்த்திருக்கும், பக்கத்துக் குதிரையின் மேல் கோபத்தில். ஒன்றிரண்டுக்கு ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே, சவாரிக்காரன் குரலைக் கேட்டபடி. இடது ஓரத்துக் குதிரைக்கு மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள், அந்தக் கழுத்துதான் நன்றாக வந்திருக்கிறது.